வாசலில் சொன்ன வாழ்த்து

ஹென்னிங்,

ரொட்டிக்கடை மாவு இன்னும் உன் புருவத்தில் ஒட்டியிருக்கிறது. எழுப்ப மனம் வரவில்லை. உருளைக்கிழங்கு சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். பியானோ வாசிக்கும் கொரின்னா வந்தால் அவள் இரவல் கேட்ட என் சிவப்புச் செருப்பைக் கொடுத்தனுப்பு.

மூன்று வாரமாக இதேதான். ஒரு ராத்திரி நான் பாடுகிறேன், மறு ராத்திரி இன்னொருத்தி பாடுவதைக் கேட்கப் போகிறேன். கேட்ட பாட்டெல்லாம் தலைக்குள் மிதக்கிறது. தெருவில் நடந்தால் கால் தரையில் பாவவில்லை.

நேற்று நான் கிளம்பும்போது என் இடது தோளுக்கு மேல் குனிந்து "டோய் டோய் டோய்" என்று மேடைக்காரர்களின் வாழ்த்தைச் சொன்னாயே, எங்கே கற்றுக்கொண்டாய்? கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. நான் வாயே திறக்காமல் படியிறங்கினேன். "பெரிய பாடகி ஆயிட்ட! ஒரு நன்றி சொன்னா வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?" என்று பின்னாலிருந்து கத்தினாய்.

மண்டு! மேடைக்குப் போகிறவள் அந்த வாழ்த்துக்கு நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் அதிர்ஷ்டம் வாசலிலேயே இறங்கிப் போய்விடும். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். கடைசிப் பாட்டு வரை உன் மூச்சு என் தோளில் உட்கார்ந்திருந்தது.

இன்றைக்கு எனக்கு மேடை இல்லை. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: நன்றி.

யுட்டா

சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இன்று ராத்திரிக் கச்சேரிக்கு உனக்கும் ஒரு டிக்கெட் இருக்கிறது. நாளை உனக்கு லீவுதானே, வா. நான் முன்னால் போய் இடம் பிடிக்கிறேன்.

நாளை மறுபடி என் மேடை. வாசலில் நில். நான் பதில் சொல்ல மாட்டேன்.