உங்கள் நரம்பு சத்தம் போட்ட நாள்

சம்பந்தியம்மா,

இன்று காலை கடைத்தெருவில் பொரி வறுத்துக்கொண்டிருந்தார்கள். கார்த்திகை வரப்போகிறது அல்லவா, சிதம்பரத்தில் இந்த நாட்களில் அந்த வாசனை ஆளை இழுக்கும். நான் நின்றது வாசனைக்காக அல்ல. சூடான மணலில் நெல் விழுந்ததும் முதலில் ஒன்று, பிறகு இரண்டு, அப்புறம் படபடவென்று வெடிக்குமே, அந்தச் சத்தத்துக்காக. கண்ணை மூடிக் கேட்டேன். சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா ஆயா, பொரி வேணுமா, சும்மா வேடிக்கையா?" என்றார் கடைக்காரர்.

"இந்த சத்தம் கேட்டா ஒடனே நிறுத்தணும்பா."

"நிறுத்துனா கருகிப் பூடும். தள்ளி நில்லு ஆயா."

அவருக்கு எங்கே தெரியும், உங்கள் கால் நரம்பு ஒருநாள் இதே சத்தத்தைத்தான் போட்டது என்று!

அந்தக் கதையை நான் உங்களிடம் முழுதாகச் சொல்லி முடித்ததே இல்லை. ஆரம்பித்தாலே, "படுத்திருந்தது நானு, எனக்குத் தெரியாதா?" என்று குறுக்கே விழுவீர்கள். நீங்கள் மயக்கத்தில் படுத்திருந்தீர்கள், சம்பந்தி. உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கு உங்களால் குறுக்கே பேச முடியாது. நான் சொல்லி முடிக்கப்போகிறேன்.

ஊரெல்லாம் வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி வந்த சமயம் அது. பண்ருட்டியிலிருந்து ஒரு பலாக்காயை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தீர்கள். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். வேறு யாராக இருந்தாலும் பலாவை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்திருப்பார்கள். நீங்கள் கம்பியை விட்டுவிட்டுப் பலாவைக் கட்டிப் பிடித்தபடி படிக்கட்டில் போய் விழுந்தீர்கள். பலாவுக்கு ஒரு கீறல் இல்லை. உங்கள் இடுப்பு உடைந்தது.

கடலூர் செம்மண்டலத்தில் உங்கள் வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, என் வீட்டிலிருந்து சோறு கொண்டுவர வசதி என்று சிதம்பரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார். தொடை எலும்பு வந்து உட்கார்கிற கிண்ணத்தின் பின்பக்கம் உடைந்திருக்கிறது, தகடு வைத்துச் சேர்க்க வேண்டும்.

"அதை ஒட்டியே விரல் கனத்துக்கு ஒரு நரம்பு எறங்கிப் பாதம் வரைக்கும் போவுதும்மா. அத ஓரமா ஒதுக்கிப் புடிச்சிக்கிட்டுதான் எலும்ப சேர்க்கணும். ஜாஸ்தி இழுபட்டா பாதம் தொங்கிடும்."

நீங்கள் உடனே கேட்டீர்கள், "தொங்கிட்டா பெட்டி மிதிக்க முடியுமா?"

டாக்டர் விழித்தார். நான்தான் விளக்கினேன். அங்கே உங்கள் பங்குக் கோயிலில் கால் ஆர்மோனியம் இருக்கிறது. காலால் மிதித்தால் காற்று ஏறும், கையால் வாசிக்க வேண்டும். கன்னியாஸ்திரி அம்மாக்கள் விடுதியில் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அதில் நீங்கள்தான் உட்காருகிறீர்கள்.

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிதிக்க முடியும்மா. மிதிச்ச காலைத் தூக்கத்தான் முடியாது" என்றார்.

அத்தனை வாயாடியான நீங்கள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் கொண்டுவந்த ரசம் அன்றைக்கு அப்படியே இருந்தது.

மறுநாள் டாக்டர், நரம்பைக் காவல் காக்க ஒரு மெஷின் உண்டு, சென்னையிலிருந்து ஆளோடு வரவழைக்கலாம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அந்த மெஷினை இயக்குகிற கம்பெனியில்தானே நம் ஸ்டெல்லா வேலை பார்க்கிறாள்! என் மகளுக்கும் உங்கள் மகனுக்கும் பிறந்த பிள்ளை. அவள் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது நீங்கள் பேசிய பேச்சு எனக்கு மறக்கவில்லை. "ஒயரு புடிக்கிறதுக்கு ஒரு படிப்பா சம்பந்தி? உங்க பேத்திய ஒரு எலக்ட்ரீசியனுக்குக் கட்டிக் குடுத்தா முடிஞ்சிது." படிக்கிற வரைக்கும் அவள் 'உங்க பேத்தி'தான்.

அந்த உங்க பேத்தி காரில் மெஷினோடு வந்து இறங்கினாள். நான் வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சொந்த ஆயாவாச்சே, கை நடுங்காதா?" என்று டாக்டர் கேட்டார்.

"கை நடுங்குனா பரவால்ல சார். எனக்குக் கண்ணும் காதும்தான் வேல" என்றாள்.

ஆப்பரேஷன் அன்றைக்குக் காலையில் நீங்கள் செய்த காரியம் இருக்கிறதே! எங்கள் யாருக்கும் தெரியாமல் நர்ஸைக் கொண்டு தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னிக்கொண்டீர்கள். அது போதாதென்று, கோயில் திருவிழாவில் மந்திரித்த எண்ணெயை இரண்டு காலிலும் தடவிக்கொண்டீர்கள். ஸ்டெல்லா ஒயர் ஒட்ட வந்தாள். தலையிலும் ஒட்டவில்லை, கணுக்காலிலும் ஒட்டவில்லை. வழுக்கிக்கொண்டு போனது.

"யாரு ஆயா எண்ண வெச்சது?"

"தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டுப் போவ நான் இன்னா எழவு வூட்டுக்கா போறேன்?"

அவள் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக் காலைத் துடைக்க ஆரம்பித்ததும் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினீர்கள். "மந்திரிச்ச எண்ணடி! தொடைக்காத, பாவம்!"

"மாதாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க காலை நீட்டுங்க."

நானும் ஒரு துணியை நனைத்துக்கொண்டு உங்கள் தலையைத் துடைத்தேன். தேய்க்கத் தேய்க்க எண்ணெய் வந்துகொண்டே இருந்தது.

உள்ளே நடந்ததை அன்று சாயங்காலம் ஸ்டெல்லா என் வீட்டில் உட்கார்ந்து சொன்னாள். உங்கள் பலா அதற்குள் பழுத்திருந்தது. சுளையைத் தின்றுகொண்டே, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை முடித்த எனக்கே எல்லாம் புரிந்தது. கணுக்காலில் சின்னதாக மின்சாரம் தட்டிக்கொண்டே இருப்பாளாம். அது நரம்பு வழியாக ஏறித் தலைக்குப் போய்ச் சேருகிறதா என்று திரையில் அலை அலையாகத் தெரியுமாம்.

"கவர்மெண்டு டிவி மாதிரியா?"

"அதவிட நல்லாத் தெரியும் ஆயா."

காலின் தசையில் மெல்லிய ஊசிகளும் உண்டு. மயக்கத்தில் இருக்கிறவர் வலிக்கிறது என்று சொல்ல முடியாது அல்லவா, அதனால் நரம்பே சொல்லிவிடும். எப்படிச் சொல்லும் என்று கேட்டேன். "பொரி பொரியிற மாதிரி ஆயா. ஸ்பீக்கர்ல கேக்கும்."

டாக்டர் எலும்பைச் சேர்த்துக்கொண்டிருந்தார். நரம்பைக் கம்பியால் ஒதுக்கிப் பிடித்திருந்தார்கள். ஸ்பீக்கரில் ஒன்று வெடித்தது. பிறகு இரண்டு. அப்புறம் படபடவென்று. திரையில் அலையும் படுக்க ஆரம்பித்தது. தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி இருந்ததாம் அவளுக்கு. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"சார், நிறுத்துங்க. நரம்பு இழுபடுது."

எல்லோரும் கையை எடுத்தார்கள். டாக்டர் கம்பியைத் தளர்த்தி, உங்கள் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கி வைக்கச் சொன்னார். பொரிச் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்து அடங்கியது. அலை மட்டும் எழுந்திருக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவள் கையில் இருந்த சுளை அப்படியே நின்றது. நானும் மூச்சை விடவில்லை, சம்பந்தி. நீங்கள் பிழைத்துக் கட்டிலில் படுத்திருப்பது தெரிந்தும் மூச்சை விடவில்லை.

"அப்புறம் மெதுவா ஏறிச்சி ஆயா. பழைய ஒசரத்துக்கே வந்துடிச்சி!"

"டாக்டர் திட்டினாரா?"

"எதுக்குத் திட்டுவாரு? சொல்றதுக்குத்தானே ஒன்ன உக்கார வெச்சிருக்கேன்னாரு."

ஆனால் மெஷின் சொன்னால் போதுமா, கால் சொல்ல வேண்டாமா? இந்தக் கதையைக் கேட்பதற்கு முன்பே, உங்களுக்கு மயக்கம் தெளிகிறபோது என்னையும் உள்ளே விட்டிருந்தார்கள். ஸ்டெல்லா உங்கள் காலடியில் குனிந்து, "பாதத்த மேல தூக்குங்க ஆயா" என்றாள். கால் அசையவில்லை. மறுபடி சொன்னாள். நான் மாதாவைக் கூப்பிட்டேன். அப்போது பாதம் கீழே அழுந்தியது. மிதிக்க முடியும், தூக்கத்தான் முடியாது என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அடுத்த நொடி அது தூக்கிக்கொண்டது. அழுந்தியது. தூக்கிக்கொண்டது. கண்ணைத் திறக்காமலேயே நீங்கள் பெட்டி மிதித்துக்கொண்டிருந்தீர்கள்! நாக்கு குழறக் கேட்டீர்கள், "எந்தப் பாட்டு வேணும்?"

ஸ்டெல்லா முகமூடியைக் கழற்றாமலேயே அழுதாள். நான் சத்தம் போட்டுச் சிரித்ததில் நர்ஸ் வெளியே அனுப்பிவிட்டார்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நீங்கள் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தீர்கள். எல்லோரும் குழந்தை இயேசுவைப் பார்த்தார்கள், நான் உங்கள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசை முடிந்து கோயில் வாசலில், வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னீர்கள், "எம் பேத்தி நரம்பு டாக்டரு."

"டெக்னீசியன் ஆயா."

"நீ சும்மா இருடி."

'எம் பேத்தி'! பக்கத்தில் நான் நிற்கிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை. போகட்டும், அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன்.

பின்னால் நீங்கள் போனது நெஞ்சுச் சளியில். கால் கடைசி வரைக்கும் எந்தக் குறையும் சொல்லவில்லை. ஸ்டெல்லா இப்போது தன் கீழே ஆட்களை வைத்து வேலை வாங்குகிறாள். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்வது, ஆயாக்களின் தலையைத் தொட்டுப் பார் என்பதுதானாம்.

எனக்குப் பாட்டும் வராது, பெட்டியும் வராது. ஆனால் தினமும் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் இரண்டு பாதத்தையும் ஒருமுறை அழுத்தி, தூக்கிப் பார்க்கிறேன். தூக்கினதும் உங்கள் குரலில் கேட்டுக்கொள்கிறேன், "எந்தப் பாட்டு வேணும்?" ஏதாவது ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.