பன்னிரண்டாவது இலை

நேற்றுக் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு நின்றபோது, கங்காணி தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். வெள்ளைக் கப்பல். இரண்டு மாடி, மேல்மாடியில் சிவப்பு நாற்காலிகள். மூன்று வருசத்துக்கு முன்னால் உனக்குக் காட்டினாரே, அதே படம். விரலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அடுத்தது கொழும்புப் பக்கத்துப் பார்க்கு. ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, வாயைத் திறந்து கத்தும் பிள்ளைகள். அதுவும் அதே படம்தான். சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைப் பாதி மூடிக்கொண்டேன். மார்கழிக் குளிர் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

நீ போய் ஒன்றரை வருசம் ஆகிறது. நெஞ்சை என்னவோ செய்கிறது என்று கூடையைத் தேயிலை நிரையிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போனவள், நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில்தான் வந்தாய். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று அதற்கும் முன்னாலிருந்தே எனக்குள்ளேயே கிடக்கிறது. மகளுடைய பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் நீ கண்டுபிடிக்கப் போவதில்லை, நீயும் அதே ஐந்தாம் வகுப்புத்தான்.

நம் மலையில் கொழுந்து எடுக்கிற பொம்பளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து, பொங்கல் முடிந்து எங்காவது போய்வருவோம். அந்த வருசம் கங்காணி இரண்டைச் சொன்னார். தெற்கே ஒரு துறைமுகத்தில் காலையில் ஏற்றி, நடுக்கடல் வரை கொண்டுபோய், சாப்பாடும் போட்டு, பொழுது சாயும் நேரம் இறக்கிவிடுகிற கப்பல். இல்லையென்றால் பார்க்கு. பார்க்குக்கு ஆளுக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப்போகலாம். கடலுக்குப் பிள்ளைகள் வேண்டாம், பொறுப்பை நான் ஏற்கமாட்டேன் என்றுவிட்டார்.

நீ அந்தப் போனைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. மழைத்தூறல் விழ விழ சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாய். எனக்கு ஏன் என்று தெரியும். உனக்கு ஏழு வயதில் உன் அக்காவும் மாமாவும் இந்தியாவுக்குப் போனார்கள். அவர்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமைக் கடதாசி கிடைத்தது, உன் அப்பா அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. தலவாக்கலை ஸ்டேசனில் கோச்சி கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓடினாயாம். மேடை முடிகிற இடத்தில் யாரோ உன்னைப் பிடித்து இழுத்தார்களாம். தலைமன்னாரில் கப்பல் ஏறி அக்கரை இறங்கியதும் அக்கா ஒரு கடிதம் போட்டாள். கப்பல் ஆடின ஆட்டத்தில் இன்னும் தலைசுற்றல் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அன்று நிரையில் எனக்குப் பக்கத்தில் நின்று நீ சொன்னாய். "அவ பாத்த தண்ணிய நானும் ஒருவாட்டி பாக்கணும் புள்ள. அதுல நின்னா எப்படி ஆடும்னு தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

மூடுபனி நம் இடுப்பு வரைக்கும் வந்திருந்தது. அந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கும், அதற்குப் பின்னால் இன்னொரு மலை நிற்கும். நாற்பத்தைந்து வயது வரை கடலையே பார்க்காதவள் நீ. நானும்தான். ஆனால் எனக்கு அந்த ஆசை இருந்ததில்லை.

யார் எதைக் கேட்டார்கள் என்று தெரிந்தால் லயத்து வீடுகளில் சண்டை வரும் என்று, நம் மலையில் கை தூக்குகிற வழக்கம் கிடையாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வெறும் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, ஆளுக்கு ஒரு இலை போடுவோம். கப்பலுக்குக் கொழுந்து, பார்க்குக்கு முத்தல் இலை. கையை மூடிக்கொண்டு போய் சாக்குக்குள் விட்டுத் திறக்க வேண்டும். உனக்குக் கொழுந்து போடுகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். நீ கேட்காமலே சொன்னேன்.

அதற்கு முந்தின வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் பார்க்குக்குப் போனவர்களை எல்லாம் எழுந்து நின்று அதைப்பற்றிப் பேசச் சொன்னார்களாம். உட்கார்ந்தே இருந்தது இவளும் இன்னும் இரண்டு பேரும்தான். அவள் அழவில்லை, சோறும் வேண்டாம் என்றாள். பன்னிரண்டு வயது. எங்களுடைய ஒற்றை அறையில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால், நாம் எங்கே திரும்பினாலும் அந்த முதுகுதான் தெரிகிறது.

மடுவத்துக்குள் போகும்போது என் வலது கையில் கொழுந்து இருந்தது. இடது கையில் முத்தல் இலை இருந்தது. கடைசி அடி வரை எதைப் போடுவது என்று எனக்கே தெரியாது. சாக்குக்குள் இடது கைதான் போனது.

கங்காணி எல்லோருக்கும் முன்னால் கொட்டி எண்ணினார். கொழுந்து பதினொன்று. முத்தல் பன்னிரண்டு. நீ, நான், பாக்கியம் எல்லாம் சேர்த்து கப்பல் என்று சொன்னவர்கள் பன்னிரண்டு பேர்; யாரோ ஒருத்தி இலையை மாற்றிவிட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது.

நீ கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாய். அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, இது பாக்கியத்தோட வேலை என்றாள். இன்னொருத்தி, அவள் கைக்குப் பழக்கமே முத்தல்தானே என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியத்தின் கூடையில் முத்தல் கிடக்கிறது என்று கங்காணி திட்டாத நாளே கிடையாது, அது உனக்கும் தெரியும். அந்தச் சிரிப்பிலேயே விசயம் முடிவாகிவிட்டது. கப்பலுக்குத்தான் போட்டேன் என்று பாக்கியம் மாரியம்மன் மேல் சத்தியம் பண்ணினாள். நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பார்க்கில் உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நீ ராட்டினம் ஏறவில்லை, சறுக்குப் பக்கமும் வரவில்லை. முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆடுகிற பெரிய இரும்புக் கப்பல் ஒன்று இருந்ததே, அதில் போய் ஏறினாய். இறங்கினாய். திரும்ப வரிசையில் நின்றாய். மூன்று தடவை. மூன்றாம் தடவை இறங்கும்போது முகம் வெளுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படித்தான் ஆடியிருக்கும் போல. பாவம் புள்ள, அவ அப்ப மாசமா வேற இருந்தா" என்றாய். சிமெந்துத் தரையில் நின்றுகொண்டு சொன்னாய். என் மகள் தூரத்தில் நனைந்த தலையோடு கை காட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோசமாக அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் பார்க்க முடியாமல் ஐஸ் பழம் விற்கிறவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருசத்திலிருந்து சாமான் எல்லாம் விலை ஏறி, பஸ் பிடிக்கிற பேச்சே இல்லாமல் போனது.

உன்னை நல்லவள் என்று இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். பாக்கியத்திடம் நீ நல்லவளாக இல்லை. அவள் பீலிக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்க வந்தால் நீ பாதிக் குடத்தோடு கிளம்பிவிடுவாய். அவள் மகள் சடங்குக்கு நீ போகவில்லை. "பொய்ச் சத்தியம் பண்ணுன வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்றாய். நீ போகாததால் நானும் போகவில்லை. உன்னைக் கொண்டுவந்த அன்று மழை. பாக்கியம் குடையைப் பிடித்துக்கொண்டு லயத்தின் கடைசியில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. நான் உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன், அங்கிருந்து பார்த்தால் அவள் தெரிந்தாள். எழுந்து போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஏன் கூப்பிட்டாய் என்று கேட்பார்களே என்று உட்கார்ந்தே இருந்தேன்.

நேற்று கங்காணி போனை நீட்டியதற்குக் காரணம் வேறு. இந்தத் தடவை சாக்கு வேண்டாம் என்றார். போன தடவை வந்த மனஸ்தாபம் போதும், இறந்துபோனவளுக்கு நெருக்கமானவள் நான்தான், என் வாயால் எதைச் சொல்கிறேனோ அதுவே முடிவு என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவி, அவளுக்காகக் கடைசி வரை நின்றவள் நீதானே என்றாள்.

கப்பல் என்று சொன்னால், உனக்காகச் சொன்னேன் என்று மூன்று வருசப் பொய்க்கு மாலை போடுவார்கள். பார்க்கு என்று சொன்னால், பாக்கியத்தைச் சொன்னதை எல்லாம் என்னையும் சொல்வார்கள். சும்மா நின்றால் கங்காணி விடமாட்டார். பெரட்டுக் களத்தில் ஒரு பக்கம் கல்சுவர், ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் கான். நடுவில் என்னைப் பார்த்துக்கொண்டு இருபத்தோரு பேர்.

அப்போது பாக்கியம்தான் பேசினாள். வரிசையின் கடைசியில் நின்றபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, "கப்பல்னே சொல்லு. அவ ஆசப்பட்டா. நான் அன்னைக்கும் கொழுந்துதான் போட்டேன்" என்றாள்.

"நீ கொழுந்து எடுத்த கதைய கொழுந்து நிறுக்கிற கணக்கப்புள்ளகிட்டப் போய்ச் சொல்லு, சந்தோசப்படுவாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடியும் சிரித்தார்கள். அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நான் சொல்லிவிட்டேன். "அவ கொழுந்துதான் போட்டா. முத்தல் போட்டது நான்."

முதுகைத் தடவிய கை எப்போது எடுக்கப்பட்டது என்று தெரியவில்லை. எனக்கே பேச்சு நிற்காமல், என் மகள், பள்ளிக்கூடம், சுவர் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். கங்காணி போனைப் பைக்குள் போட்டார். பாக்கியம் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மூணு வருசம்" என்றாள். "எம் புள்ள சடங்குக்குக்கூட யாரும் வரல."

நான் கங்காணியிடம் திரும்பி, கப்பலுக்கே போங்க, என் பேரை வெட்டிவிடுங்க என்றேன். அவர் சரி என்று சொல்ல வாயெடுத்தார். பாக்கியம் குறுக்கே வந்தாள்.

"வெட்டாதீங்க. இவளும் வரட்டும். வந்து பாக்கட்டும்."

அவ்வளவுதான். நிரைக்குப் போங்க என்று கங்காணி சத்தம் போட்டார், போனோம். நீ போன பிறகு எனக்குப் பக்கத்து நிரையை எடுத்துக்கொண்டவள் நேற்று நாலு நிரை தள்ளிப் போய் நின்றாள். சாயங்காலம் மகளிடமும் சொன்னேன். அவளுக்கு இப்போது பதினைந்து. "எனக்காகன்னு இனி யாருகிட்டயும் சொல்லாதம்மா" என்றாள். சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள்.

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உனக்குத் தெரியாது. பார்க்கிலிருந்து திரும்பும்போது கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் முக்கி முக்கி ஏறியதே, ஞாபகம் இருக்கிறதா? என் மகள் உன் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். உன் கம்பளியை அவளுக்குப் போர்த்தியிருந்தாய். வெளியே பார்த்துக்கொண்டே, "நீ கொழுந்துதான போட்ட" என்றாய். நான் தலையாட்டினேன். "அதான. நீ போடாம யாரு போடுவா" என்று என் தோளில் சாய்ந்தாய். ஹட்டன் டவுன் விளக்கு தெரியும் வரைக்கும் அந்தத் தோளை நான் அசைக்கவில்லை.

தோளில் உன் தலையின் பாரம் இன்னும் அப்படியே இருக்கிறது. கூடையை மாட்டும்போதும் இருக்கிறது, இறக்கும்போதும் இருக்கிறது.

பொங்கல் முடிந்து பஸ் போகிறது. நானும் போகிறேன். உன் ஆசையை நிறைவேற்றப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. பாக்கியம் எங்கேயாவது நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உன் அக்கா பார்த்த தண்ணீர், உனக்குக் கிடைக்காமல் செய்த என் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். கண்ணை மூடாமல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு விட்டிருக்கிறார்கள்.