சாமியறையில் சிவப்புக் கல்

நவம்பர் 17, ஞாயிறு இரவு

நித்திரை வரவில்லை. பின்னேரம் இந்த நகரின் வில்லரேப் பகுதியில் இருக்கும் ரவி அண்ணை வீட்டுக்குப் போனேன். பெரியம்மாவின் மகன். ஊர்க் காணி மீட்புக் கூட்டமென்றால் முதலில் மைக்கைப் பிடிப்பவர். அவருடைய சாமியறையில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கல் இருந்தது. திருநீறு பூசிப் பூ வைத்திருந்தார்.

"இது எங்க எடுத்தனீங்கள்?"

"அவுஸ்திரேலியாவில, அந்த மலையிடுக்கில. லிங்கம் மாதிரியே இருக்கு, பார்."

போன மாதம் இருவரும் ஒரு சுற்றுலாக் குழுவோடு அந்தப் பாலைவனத்துக்குப் போனோம். அது தங்கள் முன்னோர் இருக்கும் இடம், கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்று வழிகாட்டிய பழங்குடிப் பெண் சொன்னாள். அண்ணைக்கு நான்தான் தமிழில் சொன்னேன். தலையாட்டினார். திருகோணமலையில் எங்கள் பிள்ளையார் கோயில் காணியை ஆமி முகாமுக்குப் பிடித்ததை அவளுக்குச் சொல்லும்படி என்னிடம் சொன்னதும் அவர்தான். அதைக் கேட்டபிறகு, மற்றவர்களை வெளியே நிற்கவைத்து எங்களை மட்டும் உள்ளே சுனைக்குக் கூட்டிப்போனாள்.

"திருப்பி அனுப்புவம், அண்ணை."

"விசரே உனக்கு? அங்க சும்மா வெயிலில கிடந்தது. இங்க ரெண்டு நேரமும் விளக்கு வைக்கிறன்."

"எங்கட பிள்ளையாரை ஆமிக்காரன் கொண்டுபோய் விளக்கு வைச்சால் சரியோ?"

"அதுவும் இதுவும் ஒண்டே? இருந்து சாப்பிட்டிட்டுப் போ."

சாப்பிடாமல் வந்துவிட்டேன். வந்ததிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று திரும்பும்போது அவள் மற்றவர்களின் பைகளையெல்லாம் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். எங்களிடம் கேட்கவில்லை.