கடலில் விடாத பூச்செண்டு

புதுச்சேரி
3-11-1958

அன்புள்ள அம்மாவுக்கு தனம் எழுதுவது. நான் சுகம். உன் இருமல் குறைந்ததா?

இங்கே பூச்செண்டுக்குப் பூவைவிட இலைதான் நிறைய வேண்டும். மருக்கொழுந்தும் குரோட்டன்சும் வளர்ப்பது என் வேலை. நேற்று கல்லறைத் திருநாள். முதலாளியம்மா மதலேன் மதாம் தன் வீட்டுக்காரர் கல்லறைக்குச் செண்டு கட்டிவிட்டு, என்னிடமும் ஒன்று நீட்டினார்.

"கடலோட போன உங்கப்பாவுக்கு, புள்ள. அலையில விட்டுட்டு வா."

கரையில் வெகுநேரம் நின்றேன். அப்பா வருவார் என்று நீ இன்னும் அவருக்கும் சேர்த்துத்தானே உலை வைக்கிறாய்? விட மனம் வரவில்லை. திரும்பி வந்து, செண்டைப் பிரித்து, கிளைகளை ஈரமண்ணில் ஊன்றிவிட்டேன்.

சுப்பராயன் மாமா கருவாடு விற்க இங்கே வந்தால் அப்பாவின் பழைய துண்டைக் கொடுத்தனுப்பு. மழையில் குளிர்கிறது.

மதாம் கூப்பிடுகிறார். இலைகள் இன்னும் வாடவில்லை அம்மா.

உன் மகள்
தனம்