நிழல் வரிசை

என் பிடிவாதக்காரக் கிழவா,

இந்த வருஷம் நான் ஒரு மொட்டைக்கூட வெட்டவில்லை. ஹோமர் ஊரே வேலியோரம் காரை நிறுத்தி நம் பியோனிப் பூ வயலைப் போட்டோ எடுக்கிறது. மொட்டிலேயே வெட்டி அனுப்பாத பூ குப்பைக்குத்தான் போகும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பக்கத்துப் பண்ணை வெர்னா மட்டும் கத்தினாள்: "ஏண்டி, பைத்தியமா உனக்கு? கத்தியக் குடு, நான் வெட்டறேன்!"

கொடுக்கவில்லை. "இத்தனை வருஷமா வளக்கறோம், ஒரு பூவாவது விரிஞ்சு பாத்திருக்கமா?" என்று நீதானே கேட்பாய்.

ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு அடியில், வெயில் படாத கடைசி வரிசை மட்டும் இன்னும் திறக்கவில்லை. ஆங்கரேஜ் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "நிழல் வரிசை பூக்கறதுக்குள்ள வந்துடுவேன், அழாதடி" என்றாய். அதனால் தினமும் அந்த மொட்டுகளை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். கல்லாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது, அமுங்கினால் விரியப்போகிறது என்று அர்த்தம். நேற்று மேகம் கலைந்து வெயில் வந்தது. நம் படுக்கைப் போர்வைகளைக் கொண்டுபோய் அந்த வரிசைக்கு மேலே கட்டினேன்.

உன் டாக்டர் போன் செய்துகொண்டே இருக்கிறார். நான் வயலில் இருக்கிறேன், எனக்குக் கேட்பதில்லை.

இன்று காலை அத்தனை மொட்டும் பஞ்சு மாதிரி அமுங்கின.

உன்
வீட்டுக்காரி