இறுகாத முடிச்சு

மதினி,

இன்று பட்டறையில் ஸ்பேனரைத் தேடித் தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். உங்கள் கொக்கி வந்து விழுந்தது. அதன் வாயில் சிவப்புக் கம்பளி இழை ஒன்று இன்னும் சிக்கியிருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், ஆட்டு வாடை போகவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டையில் கம்பள விரிப்பு நெய்யும் கூடத்தில் நீங்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் விசைத்தறி பழுது பார்ப்பவன். உங்கள் வலது கட்டைவிரல் மடங்க மறுத்தது. "இந்த விரிப்போட நின்னுக்கங்க" என்று கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அண்ணனும் அதுதான் சரி என்றார். நீங்களோ நேரே என்னிடம் வந்தீர்கள். "முடிச்சுப் போட ஒரு மிஷினு செஞ்சு குடுங்க கொழுந்தனாரே. என்னைய வீட்டுல உக்கார வச்சிராதீக." அதுவரை நீங்கள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜம்பமாக ஒத்துக்கொண்டேன். முடிச்சு எனக்குத் தெரியாததா? எங்கள் தறிக்காரர்களுக்கு முடிச்சு என்றால் ஒன்றுதான், அறுந்த இழையை அவிழாமல் பிணைப்பது. பல்சக்கரம், ஸ்பிரிங் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, அதைப் போடும் கருவியைச் செய்து கொண்டுவந்தேன். கொஞ்சம் நெய்து பார்த்துவிட்டு விரிப்பின் பின்புறத்தைத் தடவினீர்கள். கேழ்வரகைக் கொட்டிவைத்த மாதிரி பொடிப்பொடியாகத் தட்டுப்பட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"இது என்ன தாலி முடிச்சா? இறுகவே கூடாது. நெடுக்க ஓடுற ரெண்டு பாவு நூலைச் சுத்தி, வாலு ரெண்டையும் வெளிய விட்டாப் போதும். பக்கத்து முடிச்சு நெருக்கிப் பிடிச்சுக்கிரும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்க முத்து உதிர்ந்துருமாக்கும்?"

சுருக்கென்றது, கோபம்கூட வந்தது. மறுநாள் உங்கள் தறியருகே குந்தி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சைக்கிள் கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, உள்ளங்கையால் அழுத்த ஒரு பிடி வைத்தேன். அழுத்தினால் கொக்கி பாவு நூல்களைச் சுற்றிக் கம்பளியை இழுத்துவரும். அதன் ஓரத்தில் பொருத்திய சிறு கத்தி இழையை வெட்டிவிடும். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. முழு மிஷின் அல்ல, பாதி மிஷின். அந்த விரிப்பை முடித்தீர்கள், அடுத்ததையும் கேட்டு வாங்கினீர்கள். கை வலித்த மற்ற பெண்களும் "எனக்கொண்ணு" என்று வந்து நின்றார்கள். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை உங்களிடம் சொன்னதில்லை.

நீங்கள் கண்மூடி வருஷங்கள் ஆகின்றன. இன்று பரளச்சியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தையல்காரி, கை நடுங்குவதால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லையாம், ஏதாவது செய்து தரச் சொன்னாள். கேட்ட மாத்திரத்தில், அவளிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல், பழையபடி ஸ்பேனரைத் தேடக் கிளம்பிவிட்டேன். உங்கள் கொக்கியைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது மதினி. பெட்டியை மூடிவிட்டு அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"மொதல்ல நீ எப்பிடிக் கோக்குறேன்னு காட்டு தாயி" என்றேன்.