செவிலிமேட்டு வீட்டுச் சாவி

பிள்ளையார்பாளையம்,
ஞாயிறு

அன்பு மகள் ஏலவார்குழலிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். செவிலிமேட்டில் உன் வீடும் நலம், பூட்டியபடியே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் டப்ளின் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரே ஒரு அறையைப் பார்க்கத் தெருக்கோடி வரை வரிசையில் நின்றதாகச் சொன்னாயே, அதைக் கேட்டு அந்த ஊர் வீட்டுக்காரர்களை நிறையத் திட்டினேன். திட்டிவிட்டு வழக்கம்போல் உன் வீட்டுக்குப் போய், குழாய்களைத் திறந்து மூடி, ஆளில்லாத அறைகளில் ஃபேனைச் சுழலவிட்டு வந்தேன். சுவரில் உப்பு பூத்திருக்கிறது. பூஜை அறை நிலையைக் கரையான் தின்கிறது. கிரகப்பிரவேசத்தன்று பால் பொங்கியதோடு சரி, அந்த அடுப்பில் வேறு எதுவும் பொங்கவில்லை. அந்தத் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான், ஒன்று அமெரிக்கா மகனுக்காக, ஒன்று அண்ணன் தம்பி வழக்கு முடிவதற்காக, ஒன்று விலை ஏறுவதற்காகக் காத்திருக்கிறது. சாவி வைத்திருக்கும் நாங்கள் எல்லாம் வாசலில் கூடி, இந்த ஊரில் நல்ல குடித்தனக்காரர் கிடைப்பதே இல்லை என்று கவலைப்பட்டுக்கொள்கிறோம்.

சொல்லவேண்டியதை இனிச் சொல்லிவிடுகிறேன். நம் தெருவில் கைலாசம் மாமா குடியிருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். தறியில் ஏற்றிய பாவு நூலில் இன்னும் இரண்டு புடவை நெய்யப் பாக்கி இருக்கிறது. தறி வைக்க யாரும் வீடு தருவதில்லை என்று மாமாவும் அத்தையும் போன வாரம் வந்து உன் வீட்டை வாடகைக்குக் கேட்டார்கள். தறி நெய்து உன்னைப் படிக்கவைத்த நான், ஹாலில் தறிக்குக் குழி தோண்டினால் டைல்ஸ் போய்விடுமே என்று இழுத்தேன். அத்தை நம் கூடத்துத் தறியைப் பார்த்து, "ஏண்ணா, உங்க தறி மட்டும் அந்தரத்துலயா ஆடிக்கினு இருக்குது?" என்று கேட்டாள். அதிலிருந்து தப்பிக்க, நீ தை மாதம் வந்து அங்கே தங்கப்போவதாகச் சொல்லிவிட்டேன். மாமா உடனே எழுந்து, "கொயந்த வருதா, அதாண்ணா முக்கியம்" என்றார். மனதாரச் சந்தோஷப்பட்டுச் சொன்னார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை, "டைல்ஸு பத்திரமா இருக்குதான்னு பார்த்துக்கினு வாங்க" என்றாள்.

நேற்றுச் சாவியோடு மாமாவிடம் போனேன். வேண்டிய இடத்தில் குழி தோண்டிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சாவியைத் தொடவில்லை. "பொண்ணு வந்து தங்கப்போற வூட்ட நாங்க கொத்திக்கினு இருந்தா நல்லாவாண்ணா இருக்கும்?" என்கிறார். நான் சொன்னது பொய் என்றேன். அவர்மேல் இரக்கப்பட்டு இப்போதுதான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார். புதன்கிழமை பாவு நூலை அறுத்துத் தறியைக் கழற்றப்போகிறார்கள்.

இதை அம்மாவின் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். படித்ததும் மாமாவைக் கூப்பிடு. வீடு உன் பெயரில் இருக்கிறது, கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். ஆனால் தை மாதம் நீ வரவில்லை என்பதை உன் வாயால் சொல். நீ சொன்னால்தான் அவர் நம்புவார். எங்களுக்கு அது தெரிந்ததுதான்.

ஏகாம்பரநாதர் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைக்கட்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. புதன்கிழமைக்கு முன் கூப்பிடு.

உன் அப்பா,
திருஞானசம்பந்தம்